சேவல் இறகில் ஒரு பூச்சி

யோங் பெங் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தூண்டில் போட யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மூங்கில் கோலும் மண்புழுவும் கிடைத்தால் பெக்கோக் ஆற்றங்கரையில் பொழுது போய்விடும். புழுவே இல்லாமல், நூலையும் இறகையும் முள்ளில் கட்டி, அதைப் பூச்சி என்று மீனை நம்பவைக்கும் கைவேலை ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இன்று வந்தேன்.

துரைமார் விளையாட்டு என்பீர்கள். நீலகிரியில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டு, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் கட்டியவர்கள் அவர்கள்தாம். ஆனால் சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பே மாசிடோனியா மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள் என்று ஏலியன் என்ற எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். கோல் ஆறடி, கயிறும் ஆறடி. நம் மூங்கிலுக்கு இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

முள் வாங்கும்போது கவனியுங்கள்: எண் கூடக் கூட முள் சிறுக்கும். முதலில் 8ஆம் எண்ணில் பழகி, பிறகு 14க்குப் போகலாம். முனைக்குப் பின்னால் உள்ள சின்னச் செதிலைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள். விரலில் ஏறினாலும் சுலபமாக வந்துவிடும். குறட்டின் வாயில் முள்ளை வைத்து, பிடியை ரப்பர் வளையத்தால் இறுக்கினால் அதுவே பிடிப்பான்.

தையல் நூலை மெழுகுவர்த்தியில் ஓர் இழுப்பு இழுத்து, காதுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். அங்கே கம்பளி நூலைக் கட்டி, முன்னோக்கிச் சுற்றி வாருங்கள். காதை ஒட்டிக் கொஞ்சம் இடம் விடவேண்டும். பழகாதவர்கள் எல்லாரும் இடறுவது இங்கேதான். இடம் இல்லாவிட்டால் இறகும் நிற்காது, முடிச்சும் நிற்காது. சேவலின் கழுத்து இறகை அந்த இடத்தில் கட்டி, மூன்று நான்கு சுற்று சுற்றினால் இழைகள் பூச்சியின் கால்போல விரியும். முடிச்சுப் போட்டு, நகச்சாயம் ஒரு சொட்டு வைத்தால் முடிந்தது. நூலை எவ்வளவு இழுத்தால் அறும் என்பதை விரல்தான் சொல்லித்தரும், வாத்தியார் அல்ல.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன். வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துவிடும். "படிப்பு ஏறாது சார், ஆறாம் ஆண்டோடு பட்டறைக்கு அனுப்பிவிடுகிறேன்" என்கிறார் தகப்பனார். அந்தப் பையன் 14ஆம் எண் முள்ளில், ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, எனக்கே வராத சுத்தத்தோடு கட்டுகிறான். கட்டும் முறையைத் தானே எழுதி, வகுப்பில் வாசித்துக் காட்டவும் சொல்லியிருக்கிறேன். இரண்டு வரி எழுதியிருக்கிறான். தகப்பனாரே, இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. களைக்கொல்லி அடித்த தோட்டத்துச் சாக்கடை மீன் குழம்புக்கு வேண்டாம். பிள்ளைகள் ஆற்றுக்குத் தனியாகவும் போக வேண்டாம்.

பூச்சி தின்னும் பூயு மீனுக்கு இந்த அளவு போதும். ஆருவானுக்கோ தவளை அளவுக்குப் பெரிதாகக் கட்டவேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு, புல் தண்ணீரில் சாய்ந்திருக்கும் ஓரமாகப் போட்டு, லேசாக நடுங்கவிட்டுப் பாருங்கள்.