செய்முறை வகுப்பில் ஒரு பழுதை வையுங்கள்



எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறேன். முதலாண்டு மாணவர் ஒருவர் மின்சுற்றைப் படத்தில் உள்ளபடியே இணைத்திருப்பார். சாவியைச் செருகுவார். அம்மீட்டரின் முள் அசையாது. உடனே "சார், இது ஓடலை" என்று என்னை அழைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக் கூடியவர் அவர். ஆனால் மின்னோட்டம் எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்று தேடுவதற்கு அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குறை அவருடையது அன்று, ஆசிரியர்களாகிய எங்களுடையது.

எனக்கு அதைச் சொல்லித் தந்தது பள்ளிக்கூடம் இல்லை. கெட்டுப்போன ஒரு வால்வு டி.வி.தான்.

பிளவக்கல் அணைக்குப் போகும் சாலையில், மலையடிவாரத்தில் எங்கள் வீடு. என் பெரியப்பா ஒரு பொறியாளர். 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது அங்கே டி.வி. பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தவர். பின்னாளில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியபோது, யாரோ வேண்டாமென்று தள்ளிய ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியையும் கொண்டுவந்தார். அதனுள்ளே பத்து வால்வுகள் இருந்தன.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். உள்ளே ஓர் இழை செந்தணலாகக் காய்ந்து, தன்மேல் சூழ்ந்துள்ள எதிர்மின்வாயைச் சூடேற்றும். சூடான எதிர்மின்வாய் எலக்ட்ரான்களை உமிழும். அவற்றை நேர்மின்வாய் இழுத்துக்கொள்ளும். நடுவே வைத்த கம்பிவலை அந்த ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். இன்று ஒரு சில்லில் கோடிக்கணக்கில் அடங்கும் டிரான்சிஸ்டர்கள் செய்யும் வேலையை அன்று கட்டைவிரல் பருமனுள்ள இந்தக் குழாய்கள் செய்தன.

இழைகளுக்கு மின்சாரம் கொடுத்த முறையைக் கவனியுங்கள். பி.எல். 504, பி.ஒய். 88, பி.சி.எப். 80 என்றெல்லாம் அந்த வால்வுகளுக்குப் பெயர். முதலெழுத்து 'பி' என்றால் இழையில் 0.3 ஆம்பியர் ஓட வேண்டும் என்று பொருள். எல்லாவற்றுக்கும் ஒரே மின்னோட்டம் ஆதலால், திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்குகளைப் போல எல்லா இழைகளையும் தொடரிணைப்பில் கோத்து, ஒரு மின்தடையையும் சேர்த்து, நேரே 230 வோல்ட்டில் மாட்டிவிடுவார்கள். பி.எல். 504 அதில் 27 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், பி.ஒய். 88 முப்பது வோல்ட்டை; பி.சி.எப். 80 ஒன்பது வோல்ட்டை. மொத்தத்தில் 230 x 0.3, அதாவது 69 வாட் திறன் இந்தக் கோவைக்கு மட்டும் செலவாகும். மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டுப் பூனை அந்தப் பெட்டியின் மேல்தான் படுத்திருக்கும்.

தொடரிணைப்பின் குணம் உங்களுக்குத் தெரியும். ஓர் இழை அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும்.

1990-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் ஆயிற்று. மகாபாரதம் தொடருக்காகத் தெருவே எங்கள் திண்ணையில் கூடியிருந்தது. எனக்குப் பதினோரு வயது. பெட்டியைப் போட்டால் ஒரு வால்வும் சிவக்கவில்லை. பெரியப்பா பிளக்கைப் பிடுங்கினார். பின்பலகையைக் கழற்றினார். அதன் உட்புறத்தில் மின்சுற்றுப் படம் ஒட்டியிருந்தது. மல்டிமீட்டரை என் கையில் கொடுத்து, "எது அறுந்திருக்குன்னு கண்டுபிடிடா" என்றார்.

நான் முதல் வால்விலிருந்து ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பித்தேன். பிக்சர் டியூபின் இழையையும் சேர்த்துப் பதினோர் இழைகள். "அப்படி இல்லடா தம்பி, பாதியிலே தொடு" என்றார். கோவையின் ஒரு முனையில் ஒரு முள்ளையும், ஆறாவது இழை முடியும் இடத்தில் மற்றொன்றையும் வைத்தேன். மீட்டர் முள் நகர்ந்தது. ஆக, முதல் ஆறும் நல்லவை. கோளாறு மீதி ஐந்தில். அந்த ஐந்தையும் இரண்டாகப் பிரித்தேன். நான்கு சோதனைக்குள் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஒரு பி.சி.எப். 80. மாற்று வால்வு கையிருப்பில் இல்லை. மதுரைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அன்றைய கதை போனது போனதுதான். தெருக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை.

பின்னாளில் அவர் எத்தனையோ சொன்னார். நோயாளியின் நாக்கைப் பார்க்கும் வைத்தியரைப் போல அவர்கள் திரையைப் பார்ப்பார்களாம். திரையில் 625 கோடுகள், நொடிக்கு 25 முழுப் படங்கள். எலக்ட்ரான் கற்றையை ஒரு சுருள் இடமிருந்து வலமாக நொடிக்கு 15,625 முறை இழுக்கும். இன்னொரு சுருள் மேலிருந்து கீழாக நொடிக்கு 50 முறை இழுக்கும். படமெல்லாம் ஒடுங்கி நடுவில் ஒரே ஒரு கிடைக்கோடு பளிச்சென்று நின்றால், கற்றை பக்கவாட்டில் ஓடுகிறது, கீழே இறங்கவில்லை என்று பொருள். அப்படியானால் செங்குத்து இழுப்புப் பகுதியில் தேட வேண்டும். பெரும்பாலும் அங்கே பி.சி.எல். 805 தளர்ந்திருக்கும். பேச்சு கேட்கிறது, திரை இருட்டு என்றால் பி.எல். 504-ஐப் பார்ப்பார்கள். அதன் தகடு செக்கச் செவேலென்று காய்ந்திருந்தால், அதன் வலைக்கு வர வேண்டிய துடிப்பு வரவில்லை. தடுக்க ஆளில்லாமல் எலக்ட்ரான்கள் பாய்ந்து தகட்டைச் சுடுகின்றன. சுடப்படுவது இந்த வால்வு, குற்றம் செய்தது இதற்கு முந்தைய வால்வு!

பெட்டியின் தலையில் ஓர் அடி போட்டால் படம் வருவதைப் பலரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதிலும் இயற்பியல் உண்டு. தினமும் காய்ந்து ஆறும் உலோகம் விரிந்து சுருங்கும். நாளடைவில் ஈயப்பற்று விரிசல் விடும், வால்வின் கால்கள் தளரும். அடித்தால் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். ஆனால் அது சிகிச்சை ஆகாது. விரிசல் இருக்கிறது என்பதற்குச் சாட்சி, அவ்வளவே.

எங்கள் ஊருக்கென்றே ஒரு கோளாறும் இருந்தது. அந்நாளில் எங்களுக்கு ஒளிபரப்பு வடக்கே கொடைக்கானலிலிருந்து வந்தது. திரையில் ஒவ்வோர் உருவத்துக்கும் வலப்பக்கத்தில் மங்கலாக இன்னோர் உருவம் தெரியும். பெட்டியில் பழுது ஏதும் இல்லை. நேரே வரும் அலை ஒன்று. எங்களைத் தாண்டிப் போய்த் தெற்கே மலைச்சரிவில் மோதித் திரும்பும் அலை இன்னொன்று. பின்னது தாமதமாக வருகிறது. அதற்குள் கற்றை சற்று வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது.

பெரியப்பா என்னை அடிக்கோலால் அளக்கச் சொன்னார். 40 செ.மீ. அகலத் திரையைக் கற்றை ஏறத்தாழ 52 மைக்ரோ நொடியில் கடக்கிறது, ஒரு செ.மீ.க்கு 1.3 மைக்ரோ நொடி. நிழலுருவம் 3 செ.மீ. தள்ளியிருந்தது. தாமதம் 3.9 மைக்ரோ நொடி. அதற்குள் ரேடியோ அலை 1,170 மீட்டர் ஓடியிருக்கும். போய் வந்த தூரம் அது. எனவே மலைச்சரிவு 585 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். மறுநாள் தோட்டங்கள் வழியே காலடி எண்ணிக்கொண்டு நடந்தேன். கணக்கு பெரிதும் பிசகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு மலையின் தூரத்தை அளந்துவிட்டோம் என்ற கர்வம் எனக்குப் பல நாள் இருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் பழைய டி.வி.யைத் திறக்கக் கூடாது. கண்டிப்பாகச் சொல்கிறேன். பிக்சர் டியூபுக்கு 15,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுப்பார்கள். அதன் கண்ணாடியின் உள்ளும் புறமும் பூசிய கரிப்பூச்சு ஒரு மின்தேக்கியாக ஆகிவிடுவதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் அதில் தங்கியிருக்கும். மேலும், நான் சொன்ன வகைப் பெட்டியில் மின்மாற்றி கிடையாது. இரும்புச் சட்டமே மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட். பெரியப்பா ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். மின்சாரம் ஒரு கை வழியே நுழைந்து இதயத்தைக் கடந்து மறு கை வழியே போகக் கூடாதல்லவா? 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளிலும் பிக்சர் டியூப் உண்டு. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்து விளையாட வேண்டாம்.

அந்தப் பெட்டிகள் திரும்பி வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. மாதம் ஒரு முறை படுத்துக்கொள்ளும் கருவி எனக்கும் வேண்டாம். என் வருத்தம் வேறு. அன்று பின்பலகையில் மின்சுற்றுப் படம் இருந்தது. இன்று வாங்கும் பெட்டியில் "திறக்காதீர்" என்ற எச்சரிக்கைதான் இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமை பற்றி 2022-இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது; அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் உரிமையை வாங்கிவிட்டு, தேடத் தெரியாமல் நின்றால் என்ன பயன்?

எனவே, பள்ளிச் செய்முறைத் தேர்வில் ஒரு சோதனையாவது பழுதான கருவியோடு இருக்க வேண்டும் என்கிறேன். விடை தெரிந்த சோதனைகளையே செய்கிறீர்கள். அளவீடு சரியாக வராவிட்டால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறீர்கள். (இல்லை என்று சொல்லாதீர்கள், நானும் எழுதியவன்தான்.) பழுதைத் தேடும்போது பார்த்தெழுத வழியில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் பழுது வேறு இடத்தில் இருக்கும். மதிப்பெண்ணைக் கண்டுபிடித்ததற்கு மட்டும் கொடுக்கக் கூடாது. எந்த வரிசையில் தேடினார், ஒவ்வொரு சோதனையும் எதை விலக்கிற்று என்று எழுதியதற்கே பெரும்பகுதி கொடுக்க வேண்டும்.

நேரம் ஏது, பணம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நேரத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. பாடத்திட்டத்தில் ஒரு சோதனையைக் குறைத்தால்தான் முடியும். குறைக்கலாம் என்பது என் கருத்து. பணம் ஒரு பொருட்டே அன்று. ஒரு மரப்பலகை, பதினொரு 100 ஓம் மின்தடைகள், பன்னிரண்டு திருகாணிகள் போதும். மின்தடைகளைத் தொடராக இணைத்து, பலகைக்கு அடியில் ஓர் இணைப்பை மட்டும் அறுத்துவிடுங்கள். ஓம் அளவில் வைத்த மல்டிமீட்டர் கொண்டு திருகாணிகளைத் தொட்டுத் தேட வேண்டும். மீட்டரில் உள்ள பேட்டரியே போதும், ஆபத்து இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் இப்படிப் பத்துப் பலகைகள் செய்து வைத்திருக்கிறேன். முதல் நாள் பெரும்பாலோர் ஒன்று, இரண்டு என்று ஓரத்திலிருந்தே தொட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாணவி மட்டும் வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நடுவில் தொட்டார்.

நீங்களும் செய்து பாருங்கள். மின்தடைகள் நூறு இருந்தால் எத்தனை சோதனை போதும்? ஒன்றுக்குப் பதில் இரண்டு இணைப்புகள் அறுந்திருந்தால் இந்த முறை செல்லுமா, செல்லாதா?