தாயும் தந்தையும் இல்லாத வேளையில்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலருமுன்னே பெற்றோர் பலர் ஜீப்பேறி, எல்லைக்கு அப்பால் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். வீட்டில் பதின்வயதுப் பிள்ளை மட்டும். அவனைத் தேடி வரும் தோழருட் சிலர் அலமாரியைத் திறப்பதும், புகைப்பதும், அண்டை வீட்டார் முகஞ்சுளிக்கக் கூச்சலிடுவதும் நாம் காண்பனவே. வந்தவரைப் போகச் சொல்வது பண்பன்றெனப் பிள்ளை வாய்மூடி நிற்கிறான். பழியோ அவன்மேல் விழுகிறது.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது வீட்டாரின் கடமை. வருவோரின் கடமையைத் திருக்குர்ஆனின் 24-ஆவது அத்தியாயம் கூறுகிறது: ஸலாம் உரைத்து அனுமதி பெற வேண்டும், ஆளில்லாத வீட்டில் அனுமதியின்றி நுழையலாகாது, திரும்பச் சொன்னால் திரும்பிவிட வேண்டும்.

ஆகவே, பெற்றோர் சாவியோடு, "போய் வா" என்று சொல்லும் உரிமையையும் பிள்ளையிடம் கொடுத்துச் செல்லட்டும். அச்சொல் கேட்டுச் சினவாது எழுவதே நட்பென நாம் கருதுகிறோம்.