வாங்கின கைக்கும் வட்டி

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது, தூத்துக்குடி போன்ற மாநகராட்சிகளில் 600 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம். அதைத் தாண்டினால் 1,800 சதுர அடி வரை 75. டேப் பிடித்தவர் திண்ணையையும் சேர்த்து அளந்துவிட்டால் போச்சு. வரி கட்ட நாம் தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. கூடுதலாக வாங்கியதை மாநகராட்சி அடுத்த அரையாண்டில் வெறுமனே வரவு வைத்தால் கணக்கு தீருமா? வருமான வரித்துறைகூட (தாராளத்துக்குப் பெயர்போன துறையல்ல) திருப்பித் தரும் தொகைக்கு மாதம் அரை சதவீதம் தருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மிதந்த ஊருக்கு மழைநீர் வடிகால்தானே முக்கியம், வட்டிக்கு ஏது பணம் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வடிகாலுக்கு ஊரே சேர்ந்து பணம் தர வேண்டும். தப்பாக அளக்கப்பட்ட வீட்டுக்காரர் மட்டும் வட்டியில்லாக் கடன் கொடுப்பானேன்? கூடுதலாக வாங்கிய வரிக்கும் வட்டி தர, சட்டமன்றம் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கட்டும். வட்டி ஓடுகிறது என்று தெரிந்தால் மேல்முறையீட்டு மனுவும் மேசையில் தூங்காது.