முதலுக்கு முன் நம்பிக்கை

புதிதாகத் தொழில் தொடங்க விரும்பும் இளையோரிடம் முதலில் என்ன வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் பணம் என்றே விடையளிப்பர். நல்ல திட்டம் கைவசம் உள்ளது; முதலீட்டாளர் ஒருவர் கிடைத்தால் போதும் என்பது அவர்களின் எண்ணம். ஆனால், முதலீட்டைத் தேடிப் புறப்படும் முன் நம்பத்தக்க குழுவையும் ஒளிவுமறைவற்ற கணக்கையும் அமைத்துக்கொள்வதே அறிவுடைமையாகும். இதற்குப் பினாங்கின் வரலாறே சான்று பகர்கிறது.

19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஜார்ஜ்டவுனின் பினாங்கு வீதியில் கிட்டங்கிகளை அமைத்து வட்டித்தொழில் நடத்தினர். கிட்டங்கி என்பது நீண்ட கூடத்தைக் கொண்ட கடைவீடு. பல நிறுவனங்களின் முகவர்கள் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மரப்பெட்டியை முன்வைத்து அமர்ந்து தொழில் செய்தனர். அங்கேயே தங்கவும் செய்தனர். முதலாளிகளுள் பலரோ கடலுக்கு அப்பால் செட்டிநாட்டில் இருந்தனர். தங்கள் பணத்தைத் தொலைவில் இருக்கும் ஒருவரிடம் ஒப்படைக்கும் துணிவு அவர்களுக்கு எப்படி வந்தது?

அவர்கள் வகுத்திருந்த முறையே அதற்குக் காரணம். தொழிலில் சேரும் சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’ எனப்பட்டான். சிறு வேலைகளைச் செய்துகொண்டே கணக்கெழுதப் பழகினான். பின்னர், ‘அடுத்தாள்’ என உயர்ந்து, தேர்ச்சி பெற்ற பிறகே ‘மேலாள்’ ஆனான். முகவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்டார். தவணை முடிந்ததும் கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். சம்பளத்தோடு ஆதாயத்தில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைத்தது. இத்தகைய ஒழுங்கு இருந்ததால்தான் உறவினரும் பிறரும் தங்கள் சேமிப்பை நம்பிக்கையோடு வைப்பாகத் தந்தனர்.

இன்றைய பினாங்கிலும் இதே வரிசையைக் காணலாம். சில்லுகளைக் கேமராவின் துணையோடு சோதிக்கும் இயந்திரங்களை உருவாக்கும் விட்ரோக்ஸ் நிறுவனத்தைச் சூ ஜென் வெங், சியாவ் கோக் தொங் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் தொடங்கினர். அது 2005ஆம் ஆண்டில்தான் மலேசியப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. முதலில் ஆட்கள், அடுத்து விற்கத்தக்க பொருள், அதன் பின்னரே பொதுமக்களின் பணம்.

முதலீட்டைக் கடன் என்றோ பரிசு என்றோ கருதுவது தவறு. 100,000 ரிங்கிட் தருபவர் அதற்கு ஈடாக 20 விழுக்காட்டுப் பங்கைக் கேட்டால், அந்நிறுவனத்தின் மதிப்பு 500,000 ரிங்கிட் என்று இரு தரப்பினரும் ஒப்புக்கொள்வதாகப் பொருள். அன்று முதல் அவரும் ஓர் உரிமையாளரே. எனவே, பெறும் தொகை எத்தனை மாதத்திற்குப் போதும், எதற்குச் செலவாகும் என்பதைக் கணித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். அவசரத்தில் பெரும்பங்கை விட்டுக்கொடுத்தவர், பின்னாளில் தம் நிறுவனத்திலேயே சொல்லுரிமை இழக்க நேரிடும்.

இருப்பினும், பழைய முறை முழுவதும் இன்றைக்குப் பொருந்தாது. கிட்டங்கி ஒரே சமூகத்து ஆடவரைக் கொண்டே இயங்கியது. அங்கு உறவே உத்தரவாதமாக இருந்தது. இன்றோ பொறியியல், விற்பனை, கணக்கியல் என வெவ்வேறு திறன்கள் தேவைப்படுகின்றன. அவற்றை ஒரு குடும்பத்திற்குள்ளோ ஓர் இனத்திற்குள்ளோ மட்டும் தேடினால் நல்லவர் பலரை இழக்க நேரிடும். நெருங்கிய நண்பர்களே ஆயினும், யாருக்கு எவ்வளவு பங்கு, யார் விலகினால் என்ன செய்வது என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைப்பது நலம். அவ்வாறு செய்வது நட்பை ஐயுறுவதன்று, காப்பதாகும்.

தனிமரம் தோப்பாகாது. பணம் கரைந்தால் நல்ல குழு அதை மீண்டும் ஈட்டித் தரும். குழு சிதைந்தால் பணத்தால் அதை மீட்க இயலாது. ஆகவே, நாளைய தொழில்முனைவோர் முதலீட்டாளரின் கதவைத் தட்டும் முன், தம் அருகில் நிற்பவர் யார், தம் கணக்கேடு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்வதே சாலச் சிறந்தது.