ஷெரீப்புக்கு எசமானர் யார்?

குதிரைமேல் வந்து, நெஞ்சில் நட்சத்திரம் மின்ன, துப்பாக்கியைச் சுழற்றும் ஷெரீப்பை ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பம்பாய்வாசிகளான நமக்கு இன்னொரு ஷெரீப்பும் தெரியும். விருந்தினருக்கு மாலை போடவும் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கவும் நகரப் பிரமுகர் ஒருவருக்குத் தரப்பட்ட பட்டம் அது. வெள்ளைக்காரன் விட்டுப்போன அலங்காரம்.

இன்றைய அமெரிக்க ஷெரீப் இந்த இரண்டிலும் சேராதவர். அங்கே 3,000-க்கு மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம். தனிப் போலீஸ் இல்லாத ஊர்ப்புறங்களில் ரோந்து சுற்றுவது ஷெரீப்பின் ஆட்கள். கவுண்டிச் சிறையின் சாவியும் பெரும்பாலும் அவரிடமே. சம்மன் கொடுப்பது, ஜப்தி செய்வது, குடியிருப்பவரை வெளியேற்றுவது என்று நம் ஊர் கோர்ட் அமீனா செய்யும் வேலையும் அவருடையதே. போலீஸ் அதிகாரி, ஜெயிலர், அமீனா மூவரும் ஒரே ஆள்! இந்த ஆளை மேலிடம் நியமிப்பதில்லை. ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எந்த மக்கள்? கேள்வி அங்கேதான் இருக்கிறது, தோழர்களே.

அலபாமா மாநிலத்தில் டாலஸ் கவுண்டி. அதன் தலைநகர் செல்மா. 1965-ன் தொடக்கத்தில் அங்கே வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பர் ஏறத்தாழ 15,000 பேர். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் 400 பேர்கூட இல்லை. ஷெரீப் ஜிம் கிளார்க். பெயர் பதிய வரிசையில் நின்றவர்களை அவருடைய ஆட்கள் மாடு ஓட்டும் மின்தடியால் குத்தினார்கள். "ஒருபோதும் இல்லை" என்ற வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்த மனிதர் அவர். மார்ச் 7 அன்று பாலத்தைக் கடந்த ஊர்வலத்தினரை மாநிலப் போலீசுடன் சேர்ந்து அவருடைய குதிரைப்படையும் அடித்து விரட்டியது. அவரும் "மக்களைக் காக்கும்" ஷெரீப்தான். வாக்கு வைத்திருந்த வெள்ளையரைக் காத்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. கறுப்பர் ஆயிரக்கணக்கில் பெயர் பதிந்தார்கள். 1966 தேர்தலில் கிளார்க் வீழ்ந்தார். பக்கத்து லவுண்ட்ஸ் கவுண்டியில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பர். 1965 பிறந்தபோது அவர்களில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. முதலில் பெயர் பதிந்தவர்களில் ஒருவரான ஜான் ஹூலட் 1970-ல் அங்கே ஷெரீப்பாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்தார். அடி வாங்கியவன் வீட்டுக்கே சாவி வந்தது!

இன்னொன்று நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. 2008-ல் வீட்டுக்கடன் நெருக்கடி. வாடகையை ஒழுங்காகக் கட்டியவர்கள்கூட, வீட்டுக்காரன் வங்கிக்குப் பாக்கி வைத்தான் என்பதற்காக முன்னறிவிப்பின்றித் தெருவுக்கு வந்தார்கள். சிகாகோ அடங்கிய குக் கவுண்டி ஷெரீப் டாம் டார்ட், அக்டோபரில் இத்தகைய வெளியேற்றங்களை நிறுத்தி வைத்தார். வங்கிக்காரர்கள் பொங்கி எழுந்தார்கள். நீதிமன்றம் குடியிருப்போருக்குப் பாதுகாப்பான விதிகளைச் சேர்த்த பிறகே வேலை மீண்டும் தொடங்கியது.

வாக்கு எப்போதும் நல்லவரையே தரும் என்று நாம் பசப்பவில்லை. அரிசோனாவின் மரிகோபா கவுண்டியில் ஜோ அர்பாயோ 24 ஆண்டுகள் ஷெரீப். கைதிகளை வெயிலில் கூடாரம் அடித்து அடைத்தவர். அவருடைய துறை லத்தீன அமெரிக்க வழியினரைக் குறிவைத்து நிறுத்திச் சோதித்தது சட்டவிரோதம் என்று 2013-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு முறை அவரை வாக்குதான் உட்கார்த்தியது. 2016-ல் இறக்கியதும் அதுவே.

நம் கதைக்கு வருவோம். 1981 ஜூலையில் பம்பாய் நடைபாதைக் குடிசைகளை இடித்து, இருந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சேலத்துக்கு அனுப்பப்பட்ட ஒருவர் 1961-லேயே பிழைக்க வந்த நிலமற்ற தொழிலாளி. திரும்பி வந்து வழக்காடினார். பிழைக்கும் உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985-ல் உச்சநீதிமன்றம் சொன்னது; ஆனால் குடிசைகளை அகற்றவும் வழிவிட்டது.

இங்கே போலீஸ் அதிகாரியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அவரை ஏவுகிற அமைச்சரும், புல்டோசரை அனுப்புகிற மாநகராட்சியின் கவுன்சிலரும் வாக்கு கேட்டு வரத்தான் வேண்டும். நம்மில் எத்தனை பேருடைய பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கிறது! வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் பதிவது சட்டம் தந்த உரிமை. இடம் மாற்றப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நிரப்பித் தர ஆள் இருக்கிறது. வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.