இரவல் வாங்கி ஒளிரும் நட்சத்திரம்



நட்சத்திரங்கள் கண் சிமிட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது நட்சத்திரத்தின் வேலையல்ல. நம் தலைக்கு மேலே அலையும் காற்றின் வேலை. ஆனால் உண்மையாகவே சில நாள் மங்கியும் சில நாள் பிரகாசித்தும் காணும் நட்சத்திரங்களும் வானத்தில் உண்டு. மாறொளி விண்மீன்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றுள் ஒன்றின் கதையை இம்முறை பார்ப்போம்.

அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் அதன் பெயர் எஸ்.எஸ். சிக்னி. 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் வேலை செய்த லூயிசா வெல்ஸ் என்னும் பெண்மணி அதைக் கண்டுபிடித்தார். அக்காலத்தில் அங்கே பெண்கள் பலர் குறைந்த கூலிக்கு உழைத்தார்கள். இரவில் எடுத்த கண்ணாடிப் படங்களை வரிசையாக வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. ஒரு படத்தில் மங்கலாக இருந்த புள்ளி வேறொரு படத்தில் பளிச்சென்று இருந்தது. வெல்ஸ் அம்மையாரின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

இந்த நட்சத்திரம் பல வாரங்கள் சோம்பிக் கிடக்கும். பிறகு ஓரிரு நாளில் ஏறத்தாழ 40 மடங்கு ஒளி கூடிவிடும். ஒரு வாரம், இரண்டு வாரம் அப்படியே ஜொலிக்கும். பின்னர் பழையபடி மங்கிவிடும். சராசரியாக ஏழு வாரங்களுக்கு ஒரு முறை இப்படி நடக்கிறது. ஆனால் நாள் குறித்துச் சொல்ல முடியாது. முந்தியும் வரும், பிந்தியும் வரும்.

ஏன் இப்படி? அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரங்கள். ஒன்று, எரிந்து முடிந்து சுருங்கிப்போன வெண்குறளி. சூரியனுக்கு நெருங்கிய எடை. பருமனோ நம் பூமி அளவுதான். அதில் ஒரு கரண்டி அள்ளினால் டன் கணக்கில் கனக்கும். மற்றொன்று, இன்னும் எரிந்துகொண்டிருக்கும் சாதாரண நட்சத்திரம். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஆறரை மணி நேரம்தான் ஆகிறது. விடியற்காலையில் பால் வெட்டப் போனவர்கள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்!

இவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால், கனத்த வெண்குறளி தன் துணையின் மேலிருந்து வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுபட்ட வாயு நேரே போய் விழுவதில்லை. சுழன்று சுழன்று, வெண்குறளியைச் சுற்றித் தட்டுப் போலப் பரவி நிற்கிறது. அந்தத் தட்டில் வாயு ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறுகிறது. நாம் பார்க்கும் ஒளியில் பெரும்பங்கு அந்தச் சூட்டிலிருந்து வருவதே. சொந்த நெருப்பு அணைந்த நட்சத்திரம், இரவல் சரக்கில் மினுக்குகிறது!

லயத்துக்குப் பின்னால் ஓடும் கானை நினைத்துப் பாருங்கள். இலையும் சருகும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மெல்லக் கசியும். பின்னால் தேங்கிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் தாங்காது. அடைப்பை உடைத்துக்கொண்டு ஒரேயடியாகப் பாயும். வாயுத் தட்டிலும் இதுபோலத்தான் நடக்கிறது. ஆனால் அங்கே அடைப்பு சருகு அல்ல, குளிர்ச்சி. தட்டு குளிர்ந்திருக்கும்போது உராய்வு குறைவு. ஆகவே வாயு உள்ளே இறங்காமல் சேர்கிறது. சேரச் சேரச் சூடு ஏறுகிறது. ஓர் எல்லையைக் கடந்ததும் உராய்வு திடீரென்று பெருகி, வாயு வெள்ளமாக உள்ளே பாய்கிறது. அதுதான் நாம் காணும் ஜொலிப்பு. தட்டு காலியானதும் மீண்டும் குளிர்ச்சி, மீண்டும் சேமிப்பு. வாயு தட்டில் தேங்கிப் பிறகு பாய்கிறது என்ற இக்கருத்தை 1974இல் சொன்னவர் ஜப்பானிய அறிஞர் யோஜி ஒசாகி.

நல்ல விளக்கம்தான். ஆனால் இதற்கும் ஒரு சோதனை வந்தது. 1999ஆம் ஆண்டில் ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டு அளந்தவர்கள், இந்த நட்சத்திரம் 500 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்றார்கள். தூரத்தில் தெரியும் விளக்கு கிட்டத்தில் இருந்தால் சின்ன விளக்கு. எட்டத்தில் இருந்தால் பெரிய விளக்கு அல்லவா? அவ்வளவு எட்டத்தில் இருந்தும் இவ்வளவு ஒளி தெரிய வேண்டுமானால், வாயு மிக அதிகமாக ஓட வேண்டும். அப்படி ஓடினால் தட்டு குளிரவே குளிராது; எப்போதும் ஜொலித்துக்கொண்டே இருக்கும். ஆகவே, ஒன்று அளவு தவறு. இல்லையேல் விளக்கம் தவறு. பல ஆண்டு உழைப்பு தராசில் தொங்கியது.

தூரத்தை ரேடியோ தொலைநோக்கிகளால் மறுபடி அளக்க அறிஞர்கள் முனைந்தார்கள். ஆனால் இந்த நட்சத்திரம் பொங்கும் சில நாட்களில் மட்டுமே அதன் ரேடியோ அலைகள் அக்கருவிகளுக்கு எட்டும். பொங்கும் நாளோ யாருக்கும் தெரியாது. பெரிய கருவிகளை மாதக் கணக்கில் ஒரே நட்சத்திரத்தின் மேல் திருப்பி வைத்திருக்கவும் முடியாது.

அப்போது கைகொடுத்தவர்கள் யார் தெரியுமா? பகலில் ஒரு வேலையும் இரவில் வானமுமாக வாழும் சாதாரண மனிதர்கள்! 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய மாறொளி விண்மீன் பார்வையாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், தங்கள் வீட்டு முற்றத்திலிருந்து இரவுதோறும் பார்த்து, ஒளி ஏறத் தொடங்கியதும் செய்தி அனுப்பினார்கள். உடனே பெரிய கருவிகள் திரும்பின. 2013இல் முடிவு வெளிவந்தது: தூரம் சுமார் 370 ஒளியாண்டு. விளக்கம் பிழைத்தது.

இத்தகைய தொண்டர்களில் தலைசிறந்தவர் நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ் (1920 - 2013). மாவு ஆலையிலும் மளிகைக் கடையிலும், கார்களைப் பூட்டும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். தென்வானத்து மாறொளி விண்மீன்களைப் பார்த்து அவர் குறித்து வைத்த கணக்கு 5 லட்சத்துக்கும் மேல். பட்டம் பெற்று வானத்துக்குள் நுழைந்தவர் அல்லர். நாள் தவறாமல் பார்த்து நுழைந்தவர்.

தோட்டத்துக் குழந்தைகள் அன்னத்தைப் பார்க்க விரும்பினால், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இருட்டிய பிறகு வடக்கு வானத்தைப் பார்க்கட்டும். சிலுவை போன்ற வடிவமும் அதன் நுனியில் பிரகாசமான டெனெப் விண்மீனும் தெரியும். எஸ்.எஸ். சிக்னி வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது பொங்கும் நாளில் நல்ல பைனாகுலர் இருந்தால் காணலாம். பைனாகுலர் இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். எந்த விண்மீன் எதைவிடப் பிரகாசம் என்று தேதி போட்டு எழுதிப் பழகட்டும். பட்டணத்து விளக்கு வெளிச்சத்தில் காணக் கிடைக்காத இருட்டு நம் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கிறது. பெற்றோர்களே, பாடம் முடிந்த பின் பிள்ளைகளைப் பத்து நிமிடம் வாசலுக்கு அழைத்து வாருங்கள்.