திண்ணையில் காத்திருப்போர்

தஞ்சை மேலவீதிக்கு அருகே ஒரு பழைய ஓட்டு வீட்டின் கூடத்தில், செவ்வாய், சனிக்கிழமைகளில் மாலை ஐந்தரை மணிக்குப் பரதநாட்டிய வகுப்பு நடைபெறுகிறது. உள்ளே தட்டுக்கழியின் ஓசை. வெளியே திண்ணையில் நாங்கள். பேத்தியை அழைத்துச் சென்று திரும்ப அழைத்துவரும் கடமை, நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் என்னுடையதாயிற்று. ஏழாண்டுகளாக அந்தத் திண்ணையில் அமர்ந்து நான் கண்டவற்றில் ஒன்றை இந்த வாரம் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அதில் என் பிழையும் உண்டு.

பேத்தி வகுப்பில் சேர்ந்தது ஆறு வயதில், ஒரு விஜயதசமி நாளில். முதல் வாரம் ஓர் அடவும் கற்றுத்தரப்படவில்லை. பூமியைத் தொட்டு வணங்குவது எப்படி என்பது மட்டுமே பாடம். வீட்டுக்கு வரும் வழியில் அவளே விளக்கினாள். "பூமாதேவியை மிதிக்கப் போறோம் இல்லையா தாத்தா, அதனால முன்னாடியே மன்னிப்புக் கேட்டுக்கணும்." சற்று தூரம் நடந்த பிறகு, "அப்போ தினமும் நாம நடக்கிறோமே, அதுக்கு யார் கேக்கறது?" என்றாள். என் தாயார் காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் தரையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்ட பிறகே காலை ஊன்றுவார். அந்தப் பழக்கம் என்னிடம் எப்போது விட்டுப்போயிற்று என்பது நினைவில்லை. மறுநாள் காலை முதல் அதை மீண்டும் தொடங்கினேன்.

அதன்பின் தட்டடவு, நாட்டடவு என்று படிப்படியாக வளர்ந்தது. அரைமண்டியில் அமர்ந்து தையா தை என்று தட்டித் தட்டியே முதல் ஆண்டு கழிந்தது. குழந்தைகளுக்குக் கால் வலித்தது. பெற்றோர்களுக்குப் பொறுமை போயிற்று. "எப்போது பாட்டுக்கு ஆடுவார்கள்?" என்று ஒருவர் கேட்பார். சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "என் பெண்ணை ஏன் இரண்டாம் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள்?" என்று மற்றொருவர் வருந்துவார். நானும் விலக்கல்ல. ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, வழியில் பேத்தியிடம், "உன் அரைமண்டி போதவில்லை, அந்தப் பூக்கடைப் பெண்ணைப் பார்" என்றேன். வீடு வந்து சேரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து சன்னல் பக்கம் போவதை விட்டேன்.

அந்தப் பூக்கடைப் பெண் என் பேத்தியின் வயதினள். அவள் தாயார் ஒரு கோயில் வாசலில் பூ விற்பவர். வகுப்பு நாட்களில் கூடையுடன் திண்ணையின் கடைசியில் அமர்ந்து, கதம்பம் தொடுத்தவாறே உள்ளிருந்து வரும் ஜதியைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய விரல்கள் நாரை முடியும் வேகம் தாளத்தோடு மாறுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். மகள் கூடத்தில் எல்லோரிலும் சிறப்பாக ஆடுவாள் என்பதை நாங்கள் யாவரும் அறிவோம். அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஏழாம் ஆண்டு பிறந்ததும், ஏழு குழந்தைகள் அரங்கேற்றத்துக்குத் தயாராகிவிட்டார்கள் என்று ஆசிரியை சொன்னார். திண்ணை முழுவதும் அதே பேச்சு. எந்த மண்டபம், எத்தனை பட்டு உடை, எங்கிருந்து நகை, அழைப்பிதழ் எப்படி, வீடியோ யார், விருந்தில் என்னென்ன இனிப்பு என்று ஆளுக்கொன்றாகக் கூறினார்கள். "நீங்கள் வங்கியில் இருந்தவர் சார், ஒரு மதிப்பீடு போட்டுக் கொடுங்களேன்" என்றார் ஒரு தந்தை. பழைய வழக்கம் விடுமா? இனம் இனமாகத் தாளில் எழுதிக் கூட்டினேன். ஒரு குழந்தைக்கு நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். அதை உரக்கப் படித்தும் காட்டினேன். திண்ணையின் கடைசியில் பூத்தொடுத்த கைகள் நின்றதை அப்போது நான் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாயன்று அந்தப் பெண் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. உடல்நலமில்லை போலும் என்று எண்ணினேன். மூன்றாம் வாரம் பேத்திதான் கேட்டாள்: "அவ இனிமே வரமாட்டாளாம். ஏன் தாத்தா?"

மறுநாள் பூக்கடைக்குச் சென்றேன். அந்த அம்மாள் எழுந்து நின்று, "வாங்க சார்" என்று முழம் பூவை அளந்தார். விஷயத்தைக் கேட்டேன். "நீங்க அன்னைக்குக் கணக்கு படிச்சீங்களே சார், அது எங்க வீட்டு நாலு வருஷத்துச் சம்பாத்தியம். முடிக்க முடியாததை எதுக்கு இழுத்துக்கிட்டே போகணும்? அவ இப்பவே மறந்துட்டா வலிக்காது." நான் பதறிப்போய், வேண்டிய பணத்தை நானே தருவதாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "கடன்னா அடைச்சுடலாம் சார். உபகாரத்தை எப்படி அடைக்கிறது?" என்று மட்டும் கூறிப் பூவை இலையில் கட்டிக் கொடுத்தார்.

அங்கிருந்து நேரே பெரிய கோயிலுக்குப் போனேன். வழிபாடு முடிந்தும் எழ மனமின்றித் திருச்சுற்றில் அமர்ந்திருந்தேன். அந்தச் சுற்றின் வெளிச்சுவரில்தான், இராஜராஜ சோழன் கோயில் பணிக்காகக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் விவரம் வெட்டப்பட்டிருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பதோடு ஒவ்வொருத்தியின் பெயரும் 'நக்கன்' என்ற அடைமொழியுடன் தனித்தனியே உள்ளது. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரரசன், ஆடுபவளின் வயிற்றுப்பாட்டை முதலில் உறுதி செய்துவிட்டுப் பிறகே ஆடச் சொல்லியிருக்கிறான். பிற்காலத்தில் அந்த மரபினரைச் சமூகம் எவ்வளவு இழிவாக நடத்தியது என்பது தனிக்கதை. இன்று நாம் ஆடுபவளின் வீட்டாரிடம், அடகு வைக்க நகை இருக்கிறதா என்று கேட்கிறோம். பணியில் இருந்தபோது மகளின் அரங்கேற்றத்துக்கென்று கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்த ஒரு தம்பதிக்கு நானே நகைக்கடன் வழங்கியிருக்கிறேன். மனம் சற்று உறுத்தியது. ஆயினும் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

நிமிர்ந்து விமானத்தை நோக்கினேன். கருவறைக்கு மேலுள்ள தளத்தில், பொதுமக்கள் ஏறிச் செல்ல இயலாத உட்சுற்றில், சிவபெருமானே ஆடிக் காட்டுவதாகக் கரணச் சிற்பங்கள் உள்ளன. நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களில் அங்கே வடிக்கப்பட்டவை 81. எஞ்சிய 27-க்கான கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. ஆயினும் பெரிய கோயிலை முடிவுபெறாத கோயில் என்று யாரேனும் சொன்னதுண்டா? இறைவன் குடிகொள்ள அந்த 81 போதுமானதாக இருந்திருக்கிறது. 'முடிக்க முடியாததை' என்று அந்தத் தாய் சொன்ன சொல்லுக்கு விடை அங்கே கிடைத்தாற்போல் இருந்தது.

அன்று மாலை ஆசிரியையைத் தனியே சந்தித்தேன். அவர் தலைகுனிந்து கேட்டார். "நான் கேட்பது வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கவேண்டிய பணம் மட்டும்தான் சார். ஒரு வருஷம் ஒரு வீட்டில் ஐந்நூறு பேருக்கு விருந்து போட்டார்கள். அடுத்த வீட்டார் அதைவிடக் குறைவாகச் செய்யக் கூசினார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது என் தவறு." தவறு அவருடையது மட்டுமல்ல என்பதை அந்தத் தாளைப் படித்துக்காட்டிய எனக்குத் தெரியாதா?

வீட்டில் வேறொரு சங்கடம் காத்திருந்தது. "அம்மன் கோயில் மண்டபத்தில் எளிமையாக நடத்தினால் என்ன?" என்றதும் மகளின் முகம் வாடிவிட்டது. "எனக்குத்தான் கிடைக்கலை, இவளுக்காவது கிடைக்கட்டும்னு நினைச்சேன்பா." அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் எனக்கு மாறுதல் வந்தது. புதிய ஊரில் வகுப்பைத் தேடித்தர நான் முயலவில்லை. பொதுத்தேர்வு முக்கியம் என்று சொல்லிவிட்டேன். அவள் சலங்கை இன்றும் பரணில் ஒரு துணிப்பையில் இருக்கிறது. அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? "நான் செய்தது பிழைதான் அம்மா" என்றேன். இருபத்தைந்து ஆண்டுகளில் அதை நான் சொன்னது அதுவே முதல் முறை. அவள் சிறிது நேரம் அழுதாள். இரண்டு நாள் கழித்து, "அந்தப் பொண்ணும் சேர்ந்து ஆடறதா இருந்தா கோயிலிலேயே வெச்சுக்கலாம்" என்றாள்.

ஏழு குடும்பங்களில் ஐந்து இசைந்தன. மற்ற இருவர் மண்டபத்திலேயே நடத்தினார்கள். நாங்களும் சென்று வாழ்த்திவந்தோம். அவர்களை நான் குறை கூறவில்லை. வசதியுள்ளவர் மகிழ்ச்சியோடு செய்வதில் தவறில்லை. பூக்கடை அம்மாளிடம் இம்முறை உபகாரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஐந்து பங்காகப் பிரித்த கணக்கை நீட்டினேன். வாத்தியம், ஒலிபெருக்கி, அர்ச்சனை, சுண்டல் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். அவர் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டார். "அஞ்சு பிள்ளைங்களுக்கும் தலைப்பூ, அம்மனுக்கு மாலை எல்லாம் நான் தர்றேன். அதை என் பங்குல கழிச்சுக்கிட்டு மிச்சத்தைச் சொல்லுங்க சார்." கழித்து எழுதினேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு நிறைவோடு எழுதிய கணக்கு வேறில்லை.

நவராத்திரியின் ஆறாம் நாள் மாலை நிகழ்ச்சி நடந்தது. வயலின் வாசிப்பவர் வரவில்லை. இடையே மின்சாரம் போய், பத்து நிமிடம் குத்துவிளக்கின் ஒளியிலேயே ஆடினார்கள். என் பேத்தி ஜதிஸ்வரத்தில் ஓரிடத்தில் தடுமாறி, பிறகு சமாளித்தாள். அந்தப் பெண் வர்ணம் ஆடினாள். அவள் தாயார் கூட்டத்தில் இல்லை. மண்டபத் தூணருகே கூடையை மடியில் வைத்தபடி நின்றிருந்தார். அன்று அவர் கைகள் பூத்தொடுக்கவில்லை.

"இதை அரங்கேற்றம் என்று சொல்லலாமா?" என்று எங்கள் சம்பந்தி வீட்டார் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் ஒரு செய்தியை மட்டும் அவரிடம் கூறினேன். தஞ்சை அரசவைக் கலைமரபில் வந்தவரான பாலசரஸ்வதி, தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925-இல் தமது ஏழாம் வயதில் முதன்முதலாக ஆடியது காஞ்சிபுரத்தில், ஓர் அம்மன் கோயிலில். அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று நாம் காணும் நிகழ்ச்சி வரிசையை அமைத்துத் தந்தவர்கள் அந்த நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். அவர்கள் வாழ்ந்த மேலவீதியில் பிறந்த கலைக்கு, பக்கத்துத் தெரு அம்மன் சந்நிதி எவ்விதத்திலும் குறைவன்று.

குழந்தைகளை நாட்டிய வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு இந்தத் திண்ணைக்காரனின் பணிவான சொற்கள் சில. சேர்க்கும் நாளிலேயே, பின்னாளில் என்ன செலவு வரும் என்று ஆசிரியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. வரிசையையும் பரிசையும் பற்றிக் கேட்காமல், இன்று கற்ற அடவின் பெயர் என்ன, அந்த முத்திரைக்கு என்ன பொருள் என்று கேளுங்கள். குழந்தை உங்களுக்கே ஆசிரியராகிவிடும். ஓராண்டு கழித்து விருப்பமில்லை என்று குழந்தை சொன்னால், காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். கால்வலியா, தோழியின் கேலியா, நம்முடைய ஒப்பீடா என்று அறிந்த பிறகே முடிவெடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் நிலை அறியாமல் செலவுக் கணக்கை உரக்கப் படிக்காதீர்கள்.

இப்போதும் செவ்வாய், சனிக்கிழமைகளில் நாங்கள் திண்ணையில்தான் இருக்கிறோம். அரங்கேறியவர்கள் மேலும் கற்கிறார்கள்; புதிதாகச் சில குழந்தைகள் தையா தை தட்டுகிறார்கள். சென்ற சனியன்று ஓர் இளம் தந்தை, "முழுசா முடிக்க எத்தனை வருஷம் சார் ஆகும்?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன், திண்ணையின் கடைசியிலிருந்து பூக்கடை அம்மாள் சிரித்தவாறே சொன்னார்: "எங்க பொண்ணு எட்டாவது வருஷம் தம்பி. இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு."

உள்ளே வகுப்பு முடிந்து, குழந்தைகள் குனிந்து பூமியைத் தொட்டு வணங்கினார்கள். தில்லைக்கூத்தன் எல்லாக் குழந்தைகளின் பாதங்களுக்கும் துணை நிற்பானாக.